இரண்டு விரற்கடை

பங்கு பிரித்தபோது
வண்டி எனக்கு,
வெல்டிங் மெஷின் தார்மோவுக்கு.
அதனால் வியாழக்கிழமைகளில் வருகிறான்.

கெமி துறைமுகத்தின் பின்னால் பதினேழாம் எண் ஷெட்.
மார்ச் மாதம். கடல் இன்னும் இறுகித்தான் கிடக்கிறது.
நாலு ஸ்டாண்டுகளின் மேல்
அறுபத்துமூன்றில் டெட்ராய்ட்டை விட்டுக் கிளம்பிய கன்வெர்டிபிள்,
ஆபரேஷனுக்கு முதல் நாள்
வெறும் வயிற்றோடு படுத்திருப்பவரைப் போல.

ஆளுக்கொரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
அடியில் கிடக்கிறோம்.
ஒரே கூரையின் கீழ் என்று சொல்ல முடியாது.
இந்த வண்டிக்குக் கூரை இல்லை.

அதுதான் சிக்கலே.
மேலே தாங்க வேண்டியதையெல்லாம்
கீழே தாங்குகிறது ஒரு பெருக்கல் குறி,
நாலு மூலைக்கும் கை நீட்டிய தடித்த இரும்பு.
பழைய சைலன்சர் குழாய் ஒற்றை. ஒல்லி.
இரும்பின் இடுக்கில் ஒண்டிக்கொண்டு
அறுபது வருடம் இருமியது.
புதியது இரட்டைக் குழாய். துருப்பிடிக்காத எஃகு.
துர்க்குவிலிருந்து மரப்பெட்டியில் வந்து
என் படுக்கையறையில் மூன்று வாரம் தங்கியது.
படுக்கையறையிலா, என்றான் தார்மோ.
அங்கேதான் இடம் இருந்தது, என்றேன்.

நாடா வைத்து அளந்தான்.
இரண்டு விரற்கடை குறைகிறது.
மனமிருந்தால் இலையிலும் இருவர் படுக்கலாம் என்பது
இலைக்குப் பொருந்தும்.
இரும்பு மனத்தைக் கேட்பதில்லை,
மில்லிமீட்டரைக் கேட்கிறது.

ஹேண்ட் பிரேக் கேபிளை ஓரம் தள்ளினோம்.
பெட்ரோல் குழாயை மேலே ஏற்றிக் கட்டினோம்.
எதற்கென்றே தெரியாத ஒரு கொக்கி,
ஷிப்ட் முடிகிற அவசரத்தில் யாரோ பற்றவைத்தது,
அதையும் அறுத்தோம்.
அரை விரற்கடை கிடைத்தது.
தார்மோ வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
"குறுக்கு இரும்பில்தான் கை வைக்கணும்."

வைத்தான்.
ஒரு தீப்பொறி என் கண்ணாடியில் விழுந்து செத்தது.
வேறொன்றும் ஆகவில்லை.
ஆகவில்லை என்று நினைத்துத்தான்
காப்பி ஊற்ற எழுந்தேன்.
பிளாஸ்க் முன்சீட்டில்.
கதவு திறக்கவில்லை.

மேலே திறந்துதான் கிடக்கிறது,
எட்டி எடுத்திருக்கலாம். தோன்றவில்லை.
காலையில் அந்தக் கதவிடுக்கில்
இரண்டு யூரோ நாணயம் நட்டுக்குத்தலாய் நின்றது.
இப்போது காகிதம் நுழையாது.
வண்டி நடுவில் தொய்ந்திருந்தது,
கண்ணுக்குத் தெரியாமல்,
கதவுக்கு மட்டும் தெரிகிற அளவில்.

நான் அவனைப் பார்க்கவில்லை.
அவன் மன்னிப்புக் கேட்கவில்லை.
மரத்துண்டு ஒன்றை வைத்து ஜாக்கை நடுவில் நிறுத்தி
கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றினான்.
நான் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி.
"இப்போ?"
"இல்லை."
"இப்போ?"
"இல்லை."
பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தபோது
இத்தனை முறை அவன் என்னைக் கேட்டதில்லை.
"இப்போ?"
க்ளக்.
"போதும், நிறுத்து."

அறுத்த இடத்தில்
அரைவட்டமாய் வளைத்த தகட்டை வைத்துப் பற்றவைத்தான்.
இரும்பு இப்போது குழாயைச் சுற்றிக்கொண்டு போகிறது,
தூங்குகிறவரை எழுப்பாமல் தாண்டிப் போவது போல.
நாணயத்தை வைத்துப் பார்த்தேன். நின்றது.
காப்பி ஆறியிருந்தது. பிளாஸ்க்கும் பழசு.

மே மாதம்.
சாவியைத் திருப்பினேன்.
குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.
பதினெட்டாம் எண் ஷெட்டில் ஐலி
படாரென்று ஜன்னலைச் சாத்தினாள்.
ஒரே ஒரு குறை.
இடப்பக்கம் திரும்பினால் மட்டும்
எங்கோ ஒரு தட்டல்.

கழற்றிப் பார்க்கலாம், என்றான் போனில்.
வியாழக்கிழமை?
வேண்டாம், என்றேன்.
வலப்பக்கமாகவே மூன்று முறை திரும்பினால்
இடப்பக்கம் வந்துவிடுகிறது.

தோர்னியோ வரை அப்படியே ஓட்டிப் பார்த்தேன்.
பதினொரு கிலோமீட்டர் கூடுதல்.
வழியில் ஒரு கலைமான்
சாலையின் நடுவே நின்றது.
ஹார்ன் அடிக்கவில்லை.
இன்ஜினை அணைத்துவிட்டு
உட்கார்ந்திருந்தேன்.
குழாய் சூடு ஆறி
டிக், டிக் என்று சுருங்கும் சத்தம்
காலுக்குக் கீழே.